காந்தம் ஒட்டாத இடம்

நாலாம் கட்டையில் என் கொட்டிலுக்குள்
பின்பக்கமாக வந்து நின்றது
தொண்ணூற்றிரண்டு மொடல் பஜிரோ.
நிலாவெளியிலிருந்து மெற்றில்டா ஓட்டிவந்தாள்.
புறாத்தீவுக்கு ஆள் ஏற்றும் படகை
விடிய இறக்கி, பொழுதுபட இழுத்து,
பின்சில்லு அச்சுவரை கடல் குடித்த வண்டி.
"ரெண்டு கொப்புளம்தான். தேய்ச்சுப் பெயின்ற் அடிச்சாச் சரி."

ரெண்டு கொப்புளம் என்று வந்த எந்த வண்டியும்
ரெண்டோடு நின்றதில்லை.

பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்றை
நூலில் கட்டி வைத்திருக்கிறேன்.
முன்கதவில் டக்கென்று ஒட்டியது.
சில்லு வளைவில் கொஞ்சம் யோசித்து ஒட்டியது.
இடப்பக்கம், கதவுக்குக் கீழே நீளும் பெட்டியில்
நழுவி விழுந்தது.
திரும்ப வைத்தேன்.
திரும்ப விழுந்தது.
"முழுக்கப் பட்டிதான் அண்ணன்" என்று சிரித்தான் நிப்ராஸ்.

கிறைண்டர் வைத்தேன். மேலே வெள்ளை,
அடியில் சாம்பல், அதற்கும் அடியில்
விரல் தடிப்பில் பட்டி.
கறள் பிஸ்கட்போல உதிர்ந்தது.
ஒரு கைப்பிடி ஈரமணல் கொட்டியது,
சிப்பி இரண்டு, நண்டின் கால் ஒன்று.
பிறகு தகரம்.

தகடு இல்லை, தகரம்.
வெட்டித் தட்டி நிமிர்த்திய பால்மா டின்.
அதில் பாதி மாடு: ஒரு கண், ஒரு கொம்பு.
நாலு றிவிட் போதுமான இடத்தில்
அஞ்சு றிவிட்.

அந்த அஞ்சாவதைப் போடுகிறவன்
இந்த ஊரில் ஒருத்தன்தான்.

அப்போது கன்னியா ரோட்டில் வாடகைக் கராஜ்.
மகளுக்கு ஏழு மாதம்.
தகட்டுக்கென்று வாங்கின காசு
அடுத்த டின்னுக்குப் போனது.
வெறும் டின் வண்டிக்குப் போனது.
கிண்ணியாவில் அரிசி ஆலை வைத்திருந்தவர் அவர்.
'புதுத் தகடு' என்று நான் எழுதிய பில்லை
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
பிள்ளைக்கு என்று நூறு ரூபாய்
கூடத் தந்துவிட்டுப் போனார்.

மெற்றில்டா குனிந்து பார்த்தாள்.
"எந்தக் களிசறை செய்த வேலை இது?"
கேட்காததுபோல் இருக்க
கிறைண்டர் சத்தம் வசதியானது.
நிப்ராஸ் அதை நிறுத்திவிட்டான்.

"இங்கத்தை ஆள்தான்."
"இப்ப எங்க?"
"இப்பவும் இந்த வேலைதான்."
"உருப்பட மாட்டான்" என்றாள்.
நான் அளவுநாடாவை இழுத்தேன்.

மூன்று நாள்.
பளிச்சென்ற இரும்பு வரும்வரை வெட்டினேன்;
முழங்கைவரை உள்ளே போனது.
மகளின் கணக்குக் கொப்பி மட்டையில் அளவு வெட்டி,
அதைப் பதினெட்டாம் கேஜ் தகட்டில் வைத்துக் கீறினேன்.
இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு,
நடுவில் ஈரத்துணி.
ஒரே இழுப்பில் வெல்ட் பிடித்தால் தகடு முறுக்கிக்கொள்ளும்.
சிங்க் பிறைமர். உள்ளே மெழுகு.

பெட்டியின் அடியில் மூன்று ஓட்டை இருக்கவேண்டும்,
உள்ளே போன தண்ணீர் இறங்க.
அன்றைக்கு அழகுக்காக மூன்றையும்
பட்டியால் அடைத்திருக்கிறேன்.
வந்த கடல் வந்தபடியே
உள்ளே இருந்துவிட்டது.
ஆறு மில்லி துருப்பணத்தால் திறந்தேன்.

பில்லை வாசித்தவள் நிமிர்ந்தாள்.
"தகட்டுக்குப் போடேல்லையே?"
"அந்தக் காசு முந்தியே வந்திட்டுது."
"ஆர் தந்தது?"
நான் கை துடைத்துக்கொண்டிருந்தேன்.
என்னையும் மூலையில் கிடந்த பாதி மாட்டையும்
மாறிமாறிப் பார்த்தாள்.
காசை இரண்டுதரம் எண்ணி வைத்தாள்.

வண்டி நகரமுன்
பெட்டிக்குள் ஒரு செம்பு தண்ணீர் விட்டு
நிலத்தில் படுத்தேன்.
முதல் ஓட்டை சொட்டியது.
இரண்டாவது சொட்டியது.
மூன்றாவதற்குள் நிப்ராஸ் கம்பி விட்டான்.

"கீழ என்ன பார்க்கிறீங்க?"
"தண்ணி போகுதா எண்டு."