பீராய்னென் வீட்டு அலாரம்

இரவு இரண்டரைக்கு நாளிதழ்க் கட்டு வந்து இறங்கும்.
கயானியில் இன்று மைனஸ் இருபத்தெட்டு.
மூச்சு விட்டால் கண்ணிமையில் போய் உறைகிறது.
இன்சுலின் பேனா உள்சட்டைக்குள்,
இடது மார்புக்குக் கீழே.
உறைந்துபோனால் அது வெறும் தண்ணீர்.
வெறும் தண்ணீரைக் குத்திக்கொண்டு
மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள் நான்.

வலப் பையில் சாவிக்கொத்து.
இடப் பையில் குளுக்கோஸ் வில்லைகள்.
மாற்றி வைப்பதே இல்லை.
கை நடுங்கும் நேரத்தில்
தேடிப் பார்க்க மூளை மிச்சமிருக்காது.

ஒன்பது வயதில் என் கணையம்
சொல்லிக்கொள்ளாமல் வேலையை விட்டுப் போனது.
அன்றிலிருந்து அதன் ஷிஃப்டையும் நானே பார்க்கிறேன்.
கம்பு ரொட்டி ஒரு துண்டு, பதினைந்து.
கல்யாண வீட்டில் மணப்பெண்ணுக்கு முன்
கேக்கைத்தான் பார்ப்பேன். நாற்பது, க்ரீமோடு நாற்பத்தைந்து.
'சின்ன வயதில் மிட்டாய் அதிகமோ' என்று கேட்பவர்களுக்கு
'ஆமாம், லாரி லாரியாக' என்று சொல்லப் பழகிவிட்டேன்.

மூன்றாம் மாடியில் ஏறும்போது
அந்தச் சத்தம்.
கையுறையைப் பல்லால் உருவி
ஃபோனைப் பார்த்தேன்.
ஆறு புள்ளி நான்கு. அம்பு நேராக நிற்கிறது.
எனக்கில்லை.

எனக்கில்லை என்றால்?

தபால் துவாரத்தின் மூடியைத் தூக்கினேன்.
இருட்டு. உள்ளே எங்கோ அது
கத்திக்கொண்டே இருக்கிறது,
அணைக்க ஆளில்லாமல்.
கதவில் பீராய்னென் என்று பெயர்.
நான்கு வருடமாய் இந்தப் பெயருக்குச் செய்தி போடுகிறேன்,
முகம் தெரியாது.

மணியை அழுத்தினேன். குத்தினேன். உதைத்தேன்.
முழங்காலிட்டுத் துவாரத்தில் வாயை வைத்து
'சர்க்கரை! எழுந்திரு! சர்க்கரை!' என்று கத்தினேன்.
எதிர்வீட்டுக் கதவு திறந்து
ஒரு கெட்டவார்த்தை சொல்லி மூடிக்கொண்டது.
ஆம்புலன்சுக்கு எண்ணை அழுத்தும்போது
சங்கிலி கழன்றது.

உள்ளாடையோடு ஒரு மனிதர்,
சானாவிலிருந்து வந்தவர்போல் சொட்டச் சொட்ட.
'நாளிதழ் வேண்டாம்' என்றார் கோபமாக.
இந்தக் கோபம் எனக்குத் தெரியும்.
இதே கோபத்தில் என் அக்காவை
ஆரஞ்சுச் சாற்றோடு சுவரில் தள்ளியிருக்கிறேன்.
'வேண்டாம் சரி, இதை மெல்லுங்கள்' என்றேன்.
நான்கு வில்லை. பிறகு இன்னொன்று.

அப்புறம் பதினைந்து நிமிடம்.
எங்களுக்கு மட்டும் தெரிந்த நீளம் அது.
நடைத் தரையில் காலணிகளுக்கு நடுவே உட்கார்ந்து
அவருடைய ஃபோனை இருவரும் பார்த்தோம்,
பானையில் கொதி வருமா என்று பார்ப்பதுபோல.
இரண்டு புள்ளி ஒன்று.
இரண்டு புள்ளி ஒன்று.
இரண்டு புள்ளி ஆறு.
அவர் கையில் சென்சார்,
என் கையில் இருப்பதே, அதே மூலையில் உரிந்த பிளாஸ்டர்.
எந்தப் பசை நிற்கும் என்று பேசிக்கொண்டோம்.
ஹாக்கி டேப் என்றார். எனக்கு அரிக்கும் என்றேன்.

மூன்று புள்ளி எட்டில் அவருக்கு வெட்கம் வந்தது.
கோட்டை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டார்.
'இந்தச் சத்தத்துக்கு எழுந்துகொள்கிறவள்
அக்டோபரில் போய்விட்டாள்' என்றார்.
எங்கே என்று நான் கேட்கவில்லை.
ரொட்டியும் சீஸும் சாப்பிடச் சொன்னேன்.
சாப்பிடும்வரை நின்றேன்.

நான்காம் மாடியிலிருந்து புகார்:
நாளிதழ் நாற்பது நிமிடம் தாமதம்.
காரணம் என்ற கட்டத்தில்
'வழுக்கல்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

மறுநாள் இரவு அந்தத் துவாரத்தின் முன்
மூடியை விரலால் பிடித்தபடி நின்றேன்.
அமைதி.
அமைதிக்கு இரண்டு அர்த்தம் உண்டு, எங்களுக்கு.
காதை வைத்தேன்.

குறட்டை.
பழைய படகு எஞ்சின்போல், அசிங்கமாக,
விட்டு விட்டு,
மறுபடியும்.