கூரைமேல் நின்ற குதிரை

கல்யாணமாகாத பெண்கள் ஒன்பது பேர்
ஓர்சங் ஆற்றங்கரையிலிருந்து
வெள்ளை மண் சுமந்து வந்தார்கள்.
சாணம் மெழுகிய சுவரில்
இரண்டு தடவை பூசினார்கள்.
ஈரம் காயக் காய
சுவர் வெளுத்துக்கொண்டே வந்தது.
வெஸ்தியா எழுந்து
மாட்டுக் கொட்டிலுக்குப் போய்விட்டான்.

அவனுக்கு வெள்ளை ஆகாது.
கோத்ரா ரோட்டுக் கல் மில்லில் மூன்று கோடை.
வெள்ளைக் கல்லை அரைத்து
மாவாக்கி மூட்டை கட்டும் வேலை.
முதல் கோடையில் எனக்குக் கொலுசு வந்தது.
இரண்டாவதில் கூரைக்கு ஓடு.
மூன்றாவதில் அவனே வந்தான்,
பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீடு வரைக்கும்
நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து.

தாலுகா ஆஸ்பத்திரியில் காசம் என்றார்கள்,
மாத்திரை கொடுத்தார்கள்.
பெரிய ஆஸ்பத்திரியில் காசம் இல்லை என்றார்கள்,
மாத்திரையை நிறுத்தினார்கள்.
அன்று ராத்திரி பாபா பித்தோராவிடம் சொன்னேன்:
அடுத்த விதைப்புக்கு இவன் ஏர் பிடிக்கட்டும்,
சுவர் முழுக்க உன்னை எழுதி வைக்கிறேன்.

பிடித்தான்.
இரண்டு சால்.
மீதியை என் தம்பி உழுதான்.
இரண்டு சாலானாலும் கடன் கடன்தானே.

புதன்கிழமை படம் எழுதுகிறவர்கள் வந்தார்கள்,
குர்ஜியாவும் அவர் ஆட்கள் இருவரும்.
புரச இலைத் தொன்னைகளில் வண்ணப்பொடி.
பாலும் இலுப்பைப்பூச் சாராயமும் விட்டுக் குழைத்து,
மூங்கில் குச்சி நுனியைப் பல்லால் நைத்து,
முதலில் வேலி போட்டார்கள்.
கீழே வாசல், வாசலுக்கு இரண்டு புலி.
உள்ளே பித்தோராவின் கல்யாண ஊர்வலம்:
ஏழு குதிரை,
அதில் ராணி காஜலுடையது நீலம்.
பன்னிரண்டு தலையன், ஒற்றைக்காலன்,
கிணற்றடியில் ஒருத்தி, பனையில் ஒருவன்,
தேள், குரங்கு,
மூலையில் ஆள் பிதுங்கும் ஜீப்.
உலகத்தில் இருப்பதெல்லாம் வந்தாக வேண்டும்,
ஒன்று விட்டுப்போனாலும்
சாமி சுவரில் இறங்காது.

நடுச்சாமம். பட்வோவுக்கு அருள் வந்தது.
நடுங்கும் வாள்நுனியால் ஒவ்வொன்றாய்த் தொட்டு
இது யார், இது யார் என்று கேட்டார்.
குர்ஜியா பதில் சொல்லிக்கொண்டே வந்தார்.
புலிக்குப் பக்கத்து வெற்றிடத்தில்
வாள் நின்றது.

"கல் தின்கிற வாய் எங்கே?"

மத்தளம் நின்றுவிட்டது.
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் சொன்னேன்:
அது வேண்டாம் இந்தச் சுவரில்.
காஜலின் குதிரை நடக்கிற இடத்தில் அதுவா?
ஆட்டுக்குக் கடன் வாங்கியிருக்கிறேன்,
அதற்குச் சோறு போட வாங்கவில்லை.
வாள் நகரவில்லை.

கொட்டிலிலிருந்து இருமல். பிறகு குரல்:
"சின்னதாப் போடுங்க. தகரக் கூரை.
கதவு பச்சை."
இன்னொரு இருமல்.
"சல்லடைப் பக்கம் பத்லியாவுக்கு ஒரு குதிரை."

பத்லியா ஹோலிக்கு ஊருக்குப் போனவன்.
அவன் வீட்டில் இப்போது
படம் எழுத ஆளுமில்லை, சுவருமில்லை.

"உங்க குலத்துக்காரன் இல்லையே" என்றார் குர்ஜியா,
சொல்லிக்கொண்டே குச்சியை நனைத்தார்.
தொன்னைகளில் கறுப்பு கொஞ்சம், வெள்ளை கொஞ்சம்.
வெள்ளைச் சுவரில் வெள்ளைக் குதிரை
எங்கே தெரியப்போகிறது?
மில்லைக் கறுப்பில் எழுதினார்.
அதன் கூரைமேல் ஏற்றி நிறுத்தினார்
வெள்ளைக் குதிரையை.
முதுகில் ஆள் இல்லை, வாயில் கடிவாளம் இல்லை.

விடிகிறபோது ஆடு வெட்டினார்கள்.
அருள் இறங்கிய பட்வோ
ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு
சுவரைப் பார்த்து என்னிடம் கேட்டார்:
"இது என்னம்மா, தகரக் கொட்டகை?"

எல்லாரும் சாப்பாட்டில் இருந்தபோது
வெஸ்தியா உள்ளே வந்தான்,
துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு.
சுவரெதிரே குந்தி உட்கார்ந்தான்.
ஒரு விரலை நீட்டி
குதிரையின் விலாவைத் தொட்டுப் பார்த்தான்,
ஓடிவந்த மாட்டுக்கு
மூச்சு அடங்கிவிட்டதா என்று பார்ப்பதுபோல.

காயாத வெள்ளை விரலில் ஒட்டியது.
அவன் அதை உதறவில்லை,
வேட்டியில் துடைக்கவில்லை.
சோறு போடட்டுமா என்றேன்.
கொஞ்சம் பொறு என்றான்.