கம்பமும் சேர்த்தியா?

வால்பரைசோவில், மலைச்சரிவுத் தெருவில் இருந்த
ஓய்வூதிய அலுவலகத்தை மூடிவிட்டார்கள்.
இனி எல்லாம் போனில்தான்.

எரிபெர்தோ கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

*நீங்கள் எந்திரம் இல்லை என்று நிரூபிக்கவும்.
சிக்னல் விளக்கு உள்ள கட்டங்களைத் தொடவும்.*

சிரித்தே விட்டார்.
முப்பத்தொரு வருஷம் ஏணியில் ஏறி
இந்த ஊர் சிவப்பு பச்சைக்கெல்லாம்
பல்பு மாற்றியவர்.

விளக்கைத் தொட்டார்.
கீழே கம்பத்தையும் தொட்டார்.
தவறு.

"கம்பமில்லாமல் விளக்கு எதிலே நிற்குமாம்?"
வெங்காயம் நறுக்கிக்கொண்டே இல்டா சொன்னாள்:
"எதையாவது அமுக்குங்க."

மறுபடி கம்பத்தோடு.
மறுபடி தவறு.

மூன்றாம் முறை
கம்பத்தை விட்டுவிட்டார்.
வருக என்றது திரை.

சாயங்காலம் ரொட்டி வாங்கப் போனவர்
முக்கில் பச்சை விழுந்தும் கடக்கவில்லை.
கம்பத்தின் மேல் கைவைத்து நின்றார்,
அடுத்த பச்சை வரைக்கும்.