பதினெட்டாவது அட்டை

ஜெலுத்தோங்கில் எங்கள் பள்ளியின் கடைசி வகுப்பறை
முன்பு ஸ்டோர்.
உடைந்த நாற்காலிகளை அள்ளிப் போட்ட இடத்தில்
இப்போது ஏழு பிள்ளைகள்.
நாற்காலிக் கால் உரசிய கோடுகள்
சுவரில் இன்னும் இருக்கின்றன.

என் வேலைக்கு மாணவர் உதவியாளர் என்று பெயர்.
கால்சட்டை மாற்றுவேன். எச்சில் துடைப்பேன்.
காற்றாடியை மூன்றிலிருந்து இரண்டுக்குக் குறைப்பேன்,
மூன்றில் அது
யுகேந்திரனின் காதுக்குள் சுற்றும்.

யுகேந்திரனுக்கு ஒன்பது வயது. பேச்சு இல்லை.
இடுப்பில் ஒரு வளையம், வளையத்தில் பதினேழு அட்டைகள்.
தண்ணீர். சோறு. கழிவறை. மைலோ. ஊஞ்சல். அம்மா.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் மிஸ் ஊய்
படங்களைத் தேர்ந்து தந்தார்.
அலுவலகத்து லேமினேட் இயந்திரத்துக்குக் கையெழுத்துப் போட்டு,
காத்திருந்து,
ஓரம் அவன் விரலைக் கீறாதபடி
மூலைகளை வளைத்து வெட்டியது நான்.

கோப்பில் அவனுக்கு எழுதிய இலக்கு:
பத்து நிமிடம் இடத்தில் உட்காருதல்.

ஒரு செவ்வாய், வண்ணம் தீட்டும் நேரம்.
தூரிகையை நீட்டினேன்.
அவன் வளையத்தைப் புரட்டினான்.
தண்ணீரா? கொடுத்தேன், தள்ளினான்.
கழிவறையா? எழுந்திருக்கவில்லை.
பதினேழையும் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்துவிட்டு
மைலோவைக் கழற்றி
மேசைமேல் குப்புறக் கவிழ்த்தான்.
வெள்ளை முதுகு.
அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினான்,
கதவைச் சாத்துகிற மாதிரி.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கேட்பதற்குப் பதினேழு சொல் கொடுத்திருந்தோம்.
மறுப்பதற்கு ஒன்றுகூட இல்லை.
கடித்தது, கத்தியது,
என் முழங்கையில் போன வருடத்துப் பல்தடம்,
'நடத்தை' என்ற கட்டத்துக்குள்
நான் தேதி போட்டு எழுதிய அத்தனையும்
ஒரே சொல்தானா?

பிள்ளைகள் போனபின் மழை.
தகரக் கூரைச் சத்தத்துக்குக் கீழே உட்கார்ந்து
விரல் விரித்த ஒரு கை வரைந்தேன்.
பப்பாளி இலை மாதிரி வந்தது.
கீழே எழுதினேன்: வேண்டாம்.

புதன்கிழமை
முப்பத்தொரு முறை வேண்டாம் என்றான்.
தூரிகைக்கு. பாட்டுக்கு. இடதுகால் சப்பாத்துக்கு.
சபைகூடலில், தலைமையாசிரியருக்கு.
"நல்லா சொல்லிக் கொடுத்தீங்க, போங்க!"
கோமளவல்லி டீச்சர் தலையில் கை வைத்தார்.

வியாழன் காலை வாசலில் புஷ்பராணி, அவன் அம்மா.
பாயான் லெப்பாஸில் இரவு வேலை முடித்து
கம்பெனிச் சட்டையோடு.
"முட்டை," என்றார்.
"ஆறு வருஷமா காலையில முட்டை ஊட்டுறேன்.
அழுதுகிட்டேதான் திம்பான். அவன் பழக்கமே அப்படின்னு நெனச்சேன்.
இன்னிக்கு அட்டையத் தூக்கிக் காட்டுறான்."
சிரித்தார். பாதியில் நின்றது.
"பிடிக்கலைன்னுகூட எனக்குத் தெரியலையே."
என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள்
பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள்,
மோட்டாரை நகர்த்தச் சொல்லி.

ஆண்டிறுதி அறிக்கை. இலக்கு: எட்டவில்லை.
குறிப்புக்கு ஒரே ஒரு வரி இடம்.
'மறுக்கக் கற்றுக்கொண்டான்' என்று எழுதி அழித்தேன்.
மேலே இருப்பவர்கள் அதை வேறு மாதிரி படிப்பார்கள்.
மறுபடி எழுதினேன். தாள் கொஞ்சம் கிழிந்தது.

அன்று அவனுடைய வேன் எதிர்ப்பக்கம் நின்றது.
சாலையைக் கடக்கக் கையைப் பிடித்தேன்.
அட்டையைக் காட்டினான்.
இதுக்கு மட்டும் முடியாதுடா, என்றேன்,
விடவில்லை.
முனகிக்கொண்டே கூட வந்தான்,
இன்னொரு கையில் அட்டையை
தலைக்குமேல் உயர்த்தியபடி,
நடுச்சாலை வரைக்கும், அதற்கு அப்பாலும்.

ஒரு மணல் லாரி
நின்றது.