ஏறிப் போனவர்கள்

போன ஐப்பசியில் காற்றுமழைக்கு
மாடித் தொட்டியின் மூடி பறந்துவிட்டதென்று
ஞானதிரவியம் வாங்கிக்கொண்டு போனார்.
பன்னிரண்டு படி, அலுமினியம்.
ஒன்பதாவது படியில் லேசாக ஒரு வளைவு உண்டு.
அது என் எடை.

தை வந்தது. ஏணி வரவில்லை.
எதிரில் நிற்பவர் என்ன ஆட்கள் என்பதைக்
கேட்காமலே கேட்க
பெருமாள்புரத்தில் நாற்பது வழி வைத்திருக்கிறோம்.
கொடுத்த ஏணியைக் கேட்க ஒன்றுகூட இல்லை.

ஆகவே கவிதை எழுதினேன்.
(கோழைகள் பலர் இந்த வழியாகத்தான்
இலக்கியத்துக்குள் வந்தோம்.)
பெயர் போடவில்லை. ஏணி என்றும் போடவில்லை.
முந்நூறு பிரதி விற்கும் பத்திரிகை,
இருபத்தாறாம் பக்கம்,
நல்லெண்ணெய் விளம்பரத்துக்குக் கீழே.

முதலில் வந்தது ஆவுடையப்பன்.
மூவாயிரத்தை மேசையில் வைத்துவிட்டு
"நேரா கேட்டிருக்கலாம்லா.
பத்திரிகையில போட்டு நாறடிக்கணுமா வே?" என்றார்.
அவருக்குக் கொடுத்ததே எனக்கு மறந்திருந்தது.
பரமகல்யாணி டீச்சர் டிரில்லிங் மிஷினைப்
பையன் கையில் கொடுத்தனுப்பினார்.
இன்றுவரை பேச்சில்லை.
மேலப்பாளையத்திலிருந்து செய்யது மசூது போனில் கத்தினார்:
"நான் ஏறினது உங்க தோள்லன்னா நெனைக்கீய?"
அவருக்கு நான் எதுவும் கொடுத்ததேயில்லை.

நல்ல கவிதை ஒரே அளவில் தைத்த சட்டை,
யாருக்கு அரிக்கிறதோ அவருக்குப் பொருந்தும்
என்று அப்போது ஒரு வரி தோன்றியது.
சுமாராக இருந்ததால் அடித்துவிட்டேன்.

ஞானதிரவியம்
ஞாயிறு ஆராதனை முடிந்து நேரே வந்தார்.
கையில் பத்திரிகை. பென்சிலால் அடிக்கோடு வேறு.
"அருமையா எழுதியிருக்கீய அண்ணாச்சி.
இந்த மாதிரி ஆட்கள் நம்ம தெருவிலயும்
இருக்கத்தான் செய்யுதாவ."
காப்பி குடித்தார்.
மச்சினனுக்குக் காட்ட இன்னொரு பிரதி கேட்டார்.
என்னிடம் இருந்த ஒன்றைக் கொடுத்தேன்.
அதுவும் வரவில்லை.

நேற்று கோமதிநாயகம்.
வாசலிலேயே நின்றார், செருப்பைக் கழற்றவில்லை.
"எங்க வீட்டு இட்லிக் கொப்பரை.
நாலு வருஷமாச்சு.
நானும் ஒரு கவிதை எழுதவா?"

கொப்பரை பரணில் இருக்கிறது.
அதற்கும் எனக்கும் நடுவே ஒன்பது அடி.

ஞானதிரவியம் வீட்டு மணியை அடித்தேன்.
உள்ளே போய்த் தூக்கிவந்தார்,
துணியால் துடைத்தார்,
ஒன்பதாவது படியைத் தொட்டுக் காட்டி
"இந்த வளைவு முன்னாலயே உள்ளது, பாத்துக்கிடுங்க" என்றார்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"கோவிச்சுக்கிடாதீய அண்ணாச்சி,
சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்துருங்க."

ஐந்தரைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.
நன்றி என்றும் சொன்னதாக ஞாபகம்.