அரைப்புள்ளி

கோரிக்கை என்பது ஒரே வாக்கியம்.
எத்தனை பக்கம் நீண்டாலும் கடைசியில்தான் முற்றுப்புள்ளி,
நடுவில் மூச்சு வாங்க அரைப்புள்ளிகள்.
இருபத்திரண்டு வருஷமாக இதை எழுதித்தான்
செக்காலை ரோட்டு மாடியறைக்கு
வாடகை கட்டுகிறேன்.

ஒரு துத்தநாகத் தகடு;
அதன்மேல் ஒரு பூச்சு;
பூச்சுக்குள் களிமண், எடையில் நாலு முதல் ஏழு சதவீதம்;
இவற்றைக் கொண்ட மின்கலம்.

'கொண்ட' என்றால்
வேறெதைச் சேர்த்தாலும் நம் வேலிக்குள்தான் நிற்பான்.
'மட்டுமே கொண்ட' என்றால்
ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு
விசிலடித்துக்கொண்டு போய்விடுவான்.
சென்னைப் பரிசோதகர் எட்டு மாதமாகக் கேட்டது
அந்த ஒரு 'மட்டுமே'.
கொடுக்கவில்லை.

புனே கம்பெனிக்காரர்களிடம் மூன்று சதவீதம் கேட்டேன்.
ஒன்றேகாலில் ஆரம்பித்தார்கள்.
பேரம் உங்கள் ரத்தத்திலேயே இருக்கிறது மேடம் என்றார்கள்,
இரண்டேமுக்காலில் முடிந்தபோது.
என் ரத்தத்தில் இருப்பது சர்க்கரை.
வெள்ளிக்கிழமை கையெழுத்து.

திங்கள் ராத்திரி
ஆய்வக நோட்டைக் கடைசியாக ஒரு தடவை புரட்டினேன்.
அறுபத்தோராம் பக்கத்தில் கையெழுத்து மாறுகிறது.
டாக்டர் நாச்சியப்பனின் எறும்பு வரிசை நின்று
பச்சை மையில், சாய்வாக:
'களிமண் கூடிப்போச்சு. கொட்டல.
இருநூறு சுத்து ஓட்டிப் பாத்தேன். விரிசல் இல்ல.
அடைக்கலம்.'

கண்டுபிடிப்பாளர் படிவத்தில் இரண்டு பெயர்கள்.
இரண்டும் டாக்டர்கள்.

குடுவை கழுவுகிற ஆள் அம்மா அவன் என்றார் நாச்சியப்பன்.
கை தவறியதெல்லாம் கண்டுபிடிப்பா?
தவறியது கை, சரி.
கொட்டாமல் வைத்தது?
இருநூறு சுற்று உட்கார்ந்து பார்த்தது?
அவர் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார்,
அது ஏற்கெனவே ஆறியிருந்தது.

நகரக் கோயில் கணக்கில்
கல்யாணம் கட்டினால் ஒரு புள்ளி.
முத்துராமன் போன வருஷத்திலிருந்து
நான் அரைப்புள்ளி, வரியும் பாதி.
கணக்கப்பிள்ளை பென்சிலால் திருத்தினார்,
அழிக்க வசதியாக என்று நினைத்துக்கொண்டேன்.
அந்த நோட்டில் அடைக்கலத்துக்கு இடமே கிடையாது.
இந்தப் படிவத்தில் உண்டு:
'உண்மையான, முதல் கண்டுபிடிப்பாளர்கள்.'
விட்டுவிட்டால் நாளைக்கு எவனாவது
மொத்தப் பட்டாவையும் கிழிக்கலாம்;
அதைத்தான் டைரக்டரிடம் சொன்னேன்.
மற்றதை அவரிடம் சொல்லவில்லை.

கோட்டையூரில், தண்ணீர் டேங்குக்குப் பின்னால்,
சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.
பேரு போட்டா காண்ட்ராக்ட்ட முடிச்சிருவாங்களாம்மா?
தெரியவில்லை என்றேன்.
தெரியாது என்று கட்சிக்காரரிடம் நான் சொல்வதில்லை.
கொஞ்ச நேரம் செயினையே சுற்றிக்கொண்டிருந்தார்.
'போடுங்க. சாமி சேத்துப் போடுங்க,
அடைக்கலசாமி. பள்ளிக்கூடத்துல அப்படித்தான்.'

வியாழன், இரவு பதினொன்றரை.
மூன்றாவது கட்டத்தில் பெயர் ஏறிவிட்டது.
நாடு, இந்தியா. ஊர், கோட்டையூர்.
கதவு எண் இல்லாமல்
அடுத்த பக்கத்துக்கு விடமாட்டேன் என்கிறது திரை.
புனேவிலிருந்து போன் அடிக்கிறது.
டேங்குக்குப் பின்னால் என்று
எந்தக் கட்டத்தில் எழுதுவது?