மூன்று மிஸ்டு கால்

நேபாளத்து மலையடியில் புறப்பட்டு
பீகாருக்குள் இறங்கும் அந்த ஆற்றின் பெயர்
ரத்து.
என் மொழியில் அந்தச் சொல்லுக்கு
வேறு பொருள் என்றேன்.
கேட்டுவிட்டு ஜுனியா தேவி சிரிக்கவில்லை.
"சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்."

மேலே, பாலத்தூணில்
மஞ்சளும் சிவப்புமாகக் கோடு தீட்டி
அளவு பார்ப்பவள் தில்மாயா மகர்.
எல்லை தாண்டிப் பேசினால் காசு கரையும்.
அதனால் பேசுவதில்லை.
ஒரு மிஸ்டு கால்: மஞ்சள்.
இரண்டு: சிவப்பு.
மூன்று வந்தால்
எண்ணிக்கொண்டு நிற்காதே, ஓடு.

ஜூலையில் ஒரு ராத்திரி
மூன்று வந்தது.
தண்ணீர் வந்துசேர ஆறு மணி நேரம்.

மசூதி ஒலிபெருக்கியின் சாவி மௌல்வி வீட்டில்.
முஸஹர் தெருப் பெண்
அந்தக் கதவை அதுவரை தட்டியதில்லை.
தட்டினாள்.
அப்புறம் ஊர் கேட்டது பாங்கு அல்ல,
தூக்கம் கலையாத அவள் குரல்:
"ஆடுகளை அவிழ்த்துவிடுங்கள்.
ரேஷன் கார்டு, தீப்பெட்டி, அவல்.
கட்டிலை விடு பிசுன்தேவ்,
பெண்டாட்டியைத் தூக்கு, நிறைமாதம் அவளுக்கு."

கரை எங்கே உடையும் என்று
எல்லாருக்கும் தெரியும்.
சிமெண்டுச் சாக்கில் மணல்.
கயிறு தீர்ந்ததும்
சேலை கிழிந்தது, லுங்கி கிழிந்தது,
போன தேர்தலின் கொடிகளும் கிழிந்தன;
எந்தக் கட்சி என்று இருட்டில் யார் பார்த்தார்கள்.
விடிந்தபோது
நாற்பது முழம் நின்றிருந்தது.
பதினோரு முழம் போயிருந்தது.
அந்தப் பதினோரு முழத்துக்கு நேர் கீழே
ஜுனியாவின் குடிசை.

நிவாரணப் பட்டியலில் அவள் பெயர் இல்லை.
புறம்போக்கு என்றார் எழுத்தர்,
தலை நிமிராமல்.
வரிசையில் முதலில் நின்ற மௌல்வி
மைக்கு நீட்டிய கட்டைவிரலை மடக்கிக்கொண்டார்.
பின்னால் சிலர் முணுமுணுத்தார்கள்.
சிலர் அவரைச் சுற்றிக்கொண்டு போய்
வாங்கிக்கொண்டார்கள். பசி.
மூன்றாம் நாள் பெயர் ஏறியது:
முனியா தேவி.

மார்கழியில் ரத்து வெறும் மணல்.
கரை நெடுக நட்ட மூங்கில்
இன்னும் முழங்கால் உயரம்தான்;
பாதியை ஆடு தின்றுவிட்டது.
நட்ட நடுப்பகலில் போன் அடித்தது.
நின்றது.
ஒன்று. இரண்டு.
மூன்று.
வெயிலைப் பார்த்துக்கொண்டே
ஆட்டை அவிழ்த்துவிட்டாள்.
நாலு.

நாலுக்கு ஏற்பாடு எதுவும் இல்லை.
காசு போனால் போகட்டும் என்று கூப்பிட்டாள்.
"நாலு என்றால் என்ன அக்கா?"

அந்தப் பக்கம் காற்று. ஒரு இருமல்.
"சும்மாதான்."